அகக்கண்ணால் கண்டவர்

தேன் இனியது, விருந்தாகவும் மருந்தாகவும் பயன்படுவது. அதனை உண்டு மகிழ்ந்தோர் எண்ணிலர். ஆயினும், அத்தேனைத் திரட்டும் சிற்றுயிர்களின் வாழ்க்கையை உள்ளவாறு அறிந்தோர் நெடுங்காலம் வரையில் மிகச் சிலரே. தேன்கூட்டின் உட்புறம் இருள் நிறைந்தது. அதனுள் கை நுழைப்போர் கொட்டுண்டு வருந்துவர். ஆதலின், கூரிய பார்வையுடைய அறிஞர் பலரும் அங்கு நிகழ்வனவற்றைத் தெளிவாகக் காண இயலாது மயங்கினர். அவர்கள் காணாதவற்றைக் கண்ணொளி இழந்த ஒருவர் கண்டு உலகிற்கு உணர்த்தினார். அவரே பிரான்சுவா ஹூபர் என்னும் பேரறிஞர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

ஹூபர் 1750ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் ஜினீவா நகரில் பிறந்தார். இன்று சுவிட்சர்லாந்து நாட்டின் பகுதியாக உள்ள அந்நகரம், அந்நாளில் தனிக் குடியரசாக விளங்கியது. அவருடைய தந்தையார் ழான் ஹூபர் சிறந்த ஓவியர். காகிதத்தைக் கத்தரித்து உருவங்கள் அமைப்பதில் வல்லவர். வால்டேர் என்னும் பெரும்புலவருக்கு அணுக்க நண்பர். வேட்டைப் பறவைகள் பறக்கும் முறையை உற்றுநோக்கி ஆராய்ந்து, 1784ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலும் வெளியிட்டார். இயற்கையை ஆர்வத்துடன் நோக்கும் பண்பு இங்ஙனம் மைந்தருக்குத் தந்தைவழி வந்த செல்வமாயிற்று.

இளைஞர் ஹூபர் கல்வியில் தணியாத வேட்கை உடையவர். பகற்பொழுது போதாமல், இரவிலும் மங்கிய விளக்கொளியில் நெடுநேரம் படித்து வந்தார். பதினைந்து வயதளவில் அவர் உடல்நலம் குன்றியது. கண்ணொளியும் மங்கத் தொடங்கியது. தந்தையார் அவரைப் பாரிசு நகருக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டினார். அருகிலிருந்த சிற்றூரில் தங்கி, உழவரோடு உழவராக ஏர் பிடித்து உழைக்குமாறு மருத்துவர் பணித்தனர். அதனால் உடல் வலிமை மீண்டது, பார்வையோ மீளவில்லை. கண் மருத்துவர் இந்நோய் தீராது எனக் கைவிட்டார். எதிர்காலம் இருண்டு தோன்றிய நிலையில் ஹூபர் தம் ஊர் திரும்பினார்.

வாழ்க்கைத் துணைவியார்

அந்நகரின் ஆட்சித் தலைவர்களுள் ஒருவருடைய மகளார் மரீ எமே லுலன் என்னும் நங்கை. அவரும் ஹூபரும் இளமையிலேயே ஒருவரையொருவர் விரும்பினர். கண்ணொளி இழந்து வருபவருக்குத் தம் மகளை மணம் செய்விக்க நங்கையின் தந்தையார் உடன்படவில்லை. சட்டப்படி ஒரு பெண் தன் மணவாளனைத் தானே தேர்ந்துகொள்வதற்கு இருபத்தைந்து வயது நிரம்ப வேண்டியிருந்தது. மரீ தந்தையாருடன் பூசலிடவும் இல்லை. தம் உறுதியைக் கைவிடவும் இல்லை. ஆண்டுகள் பல பொறுத்திருந்து, உரிய வயது நிரம்பியபின் 1776ஆம் ஆண்டில் ஹூபரைக் கைப்பிடித்தார். அன்று முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வம்மையார் கணவருக்கு நூல்களைப் படித்துக் காட்டினார். அவர் சொல்லியவற்றை எழுதினார். அவர் பொருட்டுத் தாமே பலவற்றைக் கூர்ந்து நோக்கி உரைத்தார்.

ஹூபர் பிறர் இரக்கத்தை எதிர்நோக்கி வாழ்ந்தவர் அல்லர். அவர் உலவும் தோட்டத்துப் பாதைகளில் கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. அவற்றில் இட்ட முடிச்சுகளைத் தடவிப் பார்த்து, தாம் எங்கு இருக்கிறோம் என்பதை அறிந்து, துணையின்றி நடந்து வந்தார்.

பணியாளரும் மாணாக்கரும் ஆனவர்

ஹூபரின் இல்லத்தில் பிரான்சுவா பர்னன்ஸ் என்னும் பணியாளர் ஒருவர் இருந்தார். அவர் உழவர் குடியில் பிறந்தவர். உயர்ந்த கல்வி கற்றவர் அல்லர். ஒருகால் ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் தேனீக்களைப் பற்றி எழுதிய நூலை அவர் ஹூபருக்குப் படித்துக் காட்டினார். படிக்கும்போது அவர் கேட்ட ஐயங்களும், நூற்பொருளைத் தொடர்ந்து அவர் செய்த முடிபுகளும் ஹூபரை வியப்பில் ஆழ்த்தின. இவர் வெறும் பணியாளர் அல்லர், உண்மையை நாடும் உள்ளமுடையவர் என்று ஹூபர் உணர்ந்தார்.

ஆயினும் அவர் உடனே நம்பிவிடவில்லை. ரெயோமூர் செய்த ஆய்வுகளையே பர்னன்சைக் கொண்டு முதலில் செய்வித்தார். கண்டவற்றைக் கூறச் செய்து, குறுக்கு வினாக்கள் பல தொடுத்து, விடைகளை நூலோடு ஒப்பிட்டார். அவை பிழையற அமைந்தமை கண்ட பின்னரே புதிய ஆய்வுகளில் இறங்கினார். வினாக்களை வகுத்தவர் ஹூபர். காண்பதற்குக் கண் கொடுத்தவர் பர்னன்ஸ். இருவரும் கூடி ஓர் அறிஞராயினர் எனலாம். சார்லசு பொன்னே என்னும் ஜினீவா அறிஞர் அவர்களுக்கு ஊக்கமும் அறிவுரையும் அளித்து வந்தார். அவரும் கண்ணொளி குன்றியவரே என்பது குறிப்பிடத் தக்கது.

விடை காணாத வினா

தேன்கூட்டில் மூவகை ஈக்கள் உள்ளன. அவற்றுள் இராணி ஒன்றே முட்டையிடுவது. கூட்டைத் தூய்மை செய்தல், அடை கட்டுதல், புழுக்களுக்கு ஊட்டுதல், தேனும் மகரந்தமும் கொணர்தல் ஆகிய எல்லாம் செய்பவை வேலைக்காரத் தேனீக்கள். அவை பல்லாயிரம். ஆண் தேனீக்கள் சில நூறு இருக்கும்; அவை உணவு தேடுவதில்லை. ஆண் தேனீக்கள் இருப்பதன் பயன் யாது, இராணி எவ்வாறு கருவுறுகிறது என்பனவே அக்கால அறிஞரை மயக்கிய வினாக்கள். ஏனெனின், கூட்டினுள் இராணி ஆண் தேனீயுடன் கூடியதை ஒருவரும் கண்டிலர்.

ஆலந்து நாட்டுச் சுவாமர்டாம், ஆண் தேனீக்களின் மணம் பட்ட அளவிலேயே இராணி கருவுறும் எனக் கருதினார். மீன் இனத்திற் போல, அறைகளில் இடப்பட்ட முட்டைகளின்மேல் ஆண் தேனீக்கள் பின்னர் விந்து சேர்க்கும் என்றார் மற்றொருவர். ஆணின் துணையே இராணிக்கு வேண்டுவதில்லை என்று கொண்டாரும் உளர். ஒவ்வொருவரும் தம் கருத்தை நிலைநாட்டச் சொல்வன்மையை நாடினர். ஹூபரோ சொல்லை விடுத்துச் செயலை நாடினார்.

ஏடு போன்ற கூடு

முதற்கண் ஹூபர் இருபுறமும் கண்ணாடி அமைந்த மெல்லிய கூடு ஒன்றைச் செய்வித்தார். அதனுள் ஓர் அடை மட்டுமே கட்ட இடமுண்டு. ஆதலின் இராணி எங்கும் ஒளிந்துகொள்ள முடியாது. பின்னர் அதனினும் சிறந்த கூடு ஒன்றை வகுத்தார். மரச்சட்டங்கள் பலவற்றை அடுக்கி, ஒரு பக்கத்தில் கீல் பொருத்தி, நூலின் ஏடுகளைப் புரட்டுவது போல ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்படி அமைத்தார். ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் அடை இருக்கும். அடைகளை வெட்டாமல், தேனீக்களைச் சிதறடிக்காமல், கூட்டின் எப்பகுதியையும் காண அது வழி செய்தது. அடைகளைத் தனித்தனியே எடுத்தற்குரிய தேனீப் பெட்டியை அமெரிக்க நாட்டு லாங்ஸ்திராத் பின்னாளில் உருவாக்கியபோது, ஹூபரின் ஏட்டுக்கூடு அவருக்கு வழிகாட்டியாயிற்று.

வானில் நிகழும் மணம்

இனி ஆய்வுகளைக் காண்போம். ஹூபர் ஒரு கூட்டிலிருந்த ஆண் தேனீக்களையெல்லாம் நுண்ணிய துளைகளையுடைய பெட்டியில் அடைத்து, அப்பெட்டியைக் கூட்டினுள்ளேயே வைத்தார். மணம் பரவியது, கன்னி இராணியோ கருவுறவில்லை. சுவாமர்டாமின் கருத்து இதனால் வீழ்ந்தது. ஆண் தேனீ ஒன்றேனும் இல்லாத காலத்திலும் கருவுற்ற இராணி இட்ட முட்டைகள் பொரிந்து புழுக்களாயின. முட்டைகளின்மேல் விந்து சேர்க்கப்படும் என்ற கருத்தும் வீழ்ந்தது. கன்னி இராணியை ஆண் தேனீக்களுடன் ஒரே கூட்டில், வெளியே போகவொட்டாது அடைத்து வைத்தார். அப்பொழுதும் அது கருவுறவில்லை. எல்லா வழிகளும் அடைபட்டபின் எஞ்சியது ஒரே வழி. மணம் கூட்டிற்கு வெளியே நிகழ்தல் வேண்டும் என ஹூபர் உய்த்துணர்ந்தார்.

1788ஆம் ஆண்டுக் கோடையில் ஹூபரும் பர்னன்சும் ஒரு கூட்டின் வாயிலருகே காத்திருந்தனர். வெயில் ஏறிய வேளையில் ஆண் தேனீக்கள் வெளிப்பட்டன. சிறிது பொழுதில் இளம் கன்னி இராணியும் வாயிலில் தோன்றியது, பறந்தது, கூட்டின் இடத்தை அடையாளம் காண்பது போல வட்டமிட்டது, பின் உயரச் சென்று மறைந்தது. சில நிமிடங்களில் மாற்றமின்றி மீண்டது. மறுபடியும் பறந்து, அரைமணிக்குச் சற்றுக் குறைவான நேரம் கழித்துத் திரும்பியபோது, கூடலின் அடையாளம் அதன் உடலில் காணப்பட்டது. இரண்டு நாட்களுக்குள் அது முட்டையிடத் தொடங்கியது. ஒருமுறை கண்டதனால் மன நிறைவு கொள்ளாமல், வேறு கூடுகளிலும் இவ்வாய்வைப் பன்முறை செய்து பார்த்தனர். விளைவு மாறவில்லை. அறிஞர் பலர் கூட்டினுள்ளே தேடிய செய்தி திறந்த வானில் இருந்தது!

காலம் தாழ்ந்ததன் விளைவு

ஆய்வின்போது மற்றொரு வியத்தகு செய்தியும் வெளிப்பட்டது. சில கன்னி இராணிகளை ஹூபர் நெடுநாள் அடைத்து வைத்துப் பின்னர்ப் பறக்க விட்டார். அவை மணம் முடித்து மீண்டன; முட்டையும் இட்டன. ஆனால் அம்முட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் ஆண் தேனீக்களே தோன்றின! பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் மணம் முடித்த இராணிகள் வேலைக்காரத் தேனீக்களையும் ஆண்களையும் ஈன்றன. மூன்று வாரம் கடந்தவையோ ஆண்களை மட்டுமே ஈன்றன.

இதன் காரணத்தை அறிய ஹூபர் பெரிதும் முயன்றார், முடியவில்லை. காரணம் அறியாமையை மறைக்காமல், கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார். கருவுறாத முட்டையே ஆண் தேனீயாகிறது என்ற உண்மையை ஜியர்சோன் என்னும் பாதிரியார் 1845ஆம் ஆண்டில் வெளியிட்டபோது அப்புதிர் அவிழ்ந்தது. காலம் கடந்த இராணியின் முட்டைகள் உரியவாறு கருவுறுவதில்லை. ஆதலின் அவை ஆண்களாகின்றன. இராணி ஒரே ஆணுடன் ஒருமுறை கூடுதலே போதும் என ஹூபர் கருதினார். மணப்பறப்புக் காலத்தில் பல ஆண்களுடன் அது கூடுகிறது என்பதும், பெற்ற விந்தினைத் தன் உடலில் உள்ள பையில் ஆண்டுக்கணக்கில் காத்துவைக்கிறது என்பதும் இன்று தெளிவாகியுள்ளன. பிற்காலத்தார் திருத்திய இடம் சிலவே. அவர் இட்ட அடிப்படை அசையவில்லை.

அயல் இராணியை ஏற்கும் முறை

இராணியை இழந்த கூட்டில் வேறோர் இராணியை விட்டால் யாது நிகழும் என்பதையும் ஹூபர் ஆராய்ந்தார். தம் இராணியை இழந்த பன்னிரண்டு மணி நேரத்திற்குள் அயல் இராணியை விட்டால், தேனீக்கள் அதனைச் சூழ்ந்து நெருக்கி மூச்சு முட்டச் செய்கின்றன. அது பெரும்பாலும் மடிகிறது. ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தபின் விட்டால், அதனைத் தம் இராணியாகவே ஏற்றுப் போற்றுகின்றன. கூட்டில் முன்பே ஓர் இராணி இருப்பின், இரண்டும் பொருது ஒன்று அழியும். ஓர் உறையில் இரு வாள் இருத்தல் இயலாதன்றோ?

எந்த இராணியைத் தேர்வது?

இவ்வாய்வுகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இராணி இறந்தாலும் முதுமையுற்றாலும், தேனீ வளர்ப்பவர் கூட்டிற்குப் புதிய இராணியை அளித்தல் வேண்டும். அறையினின்று அண்மையில் வெளிப்பட்ட கன்னி இராணியை விடுவதா, மணம் முடித்து முட்டையிடத் தொடங்கிவிட்ட கருவுற்ற இராணியை விடுவதா என்பது அவர் முன் நிற்கும் வினா. இதில் தவறினால் ஒரு குடி முழுவதும் அழியும்.

கன்னி இராணியை வளர்த்தல் எளிது. அதன் விலையும் குறைவு. ஆயினும் அது இன்னும் மணப்பறப்புச் செல்ல வேண்டியது. செல்லும் வழியில் பறவைக்கு இரையாகலாம். திரும்புகையில் வேறு கூட்டினுள் தவறி நுழைந்து மடியலாம். மழையும் குளிரும் நாள்தோறும் தொடருமாயின், பறக்க இயலாமல் காலம் கடந்துவிடும். அதன்பின் அது இடும் முட்டைகளில் ஆண்களே பிறக்கும். உழைக்கும் ஈக்கள் கோடையில் ஆறு வார அளவே வாழ்வன. அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை தோன்றாவிடில், உண்போர் பெருகி உழைப்போர் அருகிய இல்லம் போலக் கூடு அழிந்தொழியும். எல்லாம் நன்கு முடிந்தாலும், கன்னி இராணி முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ இரண்டு வாரமோ அதனினும் மிகுதியோ ஆகும். முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர மேலும் 21 நாட்கள் வேண்டும்.

கருவுற்ற இராணியின் விலை மிகுதி. எனினும், கூட்டினர் ஏற்றுக்கொண்டால் சில நாட்களிலேயே அது முட்டையிடும். அதன் முட்டைகளிலிருந்து எவை தோன்றுகின்றன என்பதையும் வளர்ப்பவர் முன்பே கண்டறிந்திருக்கலாம். ஆதலின், ஈக்கள் குறைந்து மெலிந்த கூட்டிற்கும், ஆண் தேனீக்கள் அரிதாகவுள்ள பருவத்திற்கும் கருவுற்ற இராணியே ஏற்றது. ஈக்கள் மல்கிய வலிய கூடு, இனிய வெயில், அண்மையில் ஆண் தேனீக்களின் நிறைவு ஆகிய மூன்றும் வாய்க்குமாயின் கன்னி இராணியே போதும். எதனைத் தேர்ந்தாலும் உடனே திறந்து விடாமல், சிறு கூண்டில் இட்டுச் சில நாள் கூட்டினுள் வைத்துப் பழக்குதல் வேளாளர் வழக்கம். விலையை மட்டும் எண்ணாமல் காலமும் இடமும் வலிமையும் எண்ணித் தேர்தல் அறிவுடைமையாகும். இவ்வாறு எண்ணுதற்குரிய அடிப்படைச் செய்திகள் பல ஹூபரின் ஆய்வால் உலகிற்குக் கிடைத்தவையே.

பதினொரு நாள் தவம்

வேலைக்காரத் தேனீக்களுள்ளும் சில ஒரோவழி முட்டையிடும் என ஹூபர் ஐயுற்றார். இதனைத் தெளிய வேண்டுமாயின், ஒவ்வோர் ஈயையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தல் வேண்டும். இச்செயலைப் பர்னன்ஸ் தாமே மேற்கொண்டார். இரண்டு கூடுகளில் இருந்த ஈக்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விரல்களால் பற்றி ஆராய்ந்தார். பதினொரு நாட்கள் இப்பணி நடந்தது. கண்கள் ஓய்ந்தபொழுது இளைப்பாறியதன்றி வேறு ஓய்வு அவர் கொள்ளவில்லை. கொட்டுக்கு அஞ்சிக் கையை மீட்கவும் இல்லை. ஹூபர் தம் நூலில் பர்னன்சின் உழைப்பை மறைக்காமல் நன்றியுடன் விரித்துரைத்துள்ளார். பிறர் உழைப்பைத் தமதாக்கிக்கொள்ளாத சால்பு அவரிடம் விளங்கியது.

நூலும் புகழும்

ஹூபர் தம் ஆய்வுகளைப் பொன்னேக்கு எழுதிய கடிதங்களாக அமைத்து, தேனீக்களைப் பற்றிய புதிய ஆய்வுகள் என்னும் நூலை 1792ஆம் ஆண்டில் வெளியிட்டார். நூலாசிரியர் பார்வையற்றவர் என அறிந்தோர் வியந்தனர். அவர் கூறியவற்றைத் தாமே செய்து பார்த்தோர் மேலும் வியந்தனர். பின்னர்ப் பர்னன்ஸ் தம் ஊருக்குத் திரும்பினார். அங்கு மக்கள் மதிப்பைப் பெற்று நடுவர் பதவியில் அமர்ந்தார். ஹூபரின் துணைவியாரும் மகனார் பியேர் ஹூபரும் பணியைத் தொடர்ந்து நடத்தினர். எறும்புகளை ஆராய்ந்து 1810ஆம் ஆண்டில் புகழ்பெற்ற நூலை இயற்றியவர் இப்பியேரே ஆவார்.

தேனீக்கள் மகரந்தத்தைத் திரட்டி மெழுகாக்கும் என்பது பழைய நம்பிக்கை. ஹூபர் சில ஈக்களை அடைத்துத் தேனை மட்டும் உணவாக அளித்தார். அவை மெழுகு சுரந்து அடை கட்டின. தேனிலுள்ள இனிப்பே தேனீயின் உடலில் மெழுகாக மாறுகிறது என்பது இதனால் புலப்பட்டது. தேனீக்கள் இறக்கைகளை அசைத்துக் கூட்டிற்குத் தூய காற்று ஊட்டுவதையும் அவர் விளக்கினார். இவையெல்லாம் சேர்ந்து அவர் நூல் 1814ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக விரிவுற்று வெளிவந்தது. டார்வின் முதலிய பிற்கால அறிஞரும் அவர் ஆய்வுகளை மதித்துப் பயன்கொண்டனர். தாவர நூல் வல்ல தெ காந்தோல் ஒரு செடியினத்திற்கு ஹூபேரியா என அவர் பெயரையே சூட்டினார்.

அருமைத் துணைவியாரை முதுமையில் இழந்த ஹூபர், இறுதி நாட்களை லோசான் நகரில் தம் மகளாரின் அன்பில் கழித்தார். 1831ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், எண்பத்தோராம் வயதில், அமைதியுடன் உயிர் நீத்தார்.

கண் இருந்தால் மட்டும் உண்மை புலப்பட்டுவிடாது. எதனைக் காண வேண்டும் என்னும் தெளிவும், கண்டதை மீண்டும் மீண்டும் ஆராயும் பொறுமையும், தெரியாததைத் தெரியாதெனக் கொள்ளும் நேர்மையும் வேண்டும். ஹூபரிடம் இம்மூன்றும் இருந்தன. ஆகவே, பிறர் கண்களைத் துணையாகக் கொண்டு, கண்ணுடையார் பலர் காணாத உண்மைகளை அவர் கண்டார். குறை நேர்ந்தவிடத்துக் கலங்கி நில்லாமல், எஞ்சிய ஆற்றலையெல்லாம் ஒருமுகப்படுத்தி உழைப்போர் உலகிற்குப் பயன் தருவர் என்பதற்கு அவர் வாழ்வே தக்க சான்றாகும்.